தேசம் முதலில், நீதி பிறகா?

1861 மார்ச் 17இல் இத்தாலி இராச்சியம் உதயமானது. அதன் முதல் மன்னரோ ‘இரண்டாம்’ விக்டர் இம்மானுவேல் என்ற பழைய பெயரையே வைத்துக்கொண்டார். அது சார்டீனிய அரச வரிசையின் இலக்கம். புதிய நாடு பிறக்கவில்லை, வடக்கின் அரசே விரிந்தது என்று தெற்கத்தியர் எண்ணியிருந்தால் அதில் வியப்பென்ன?

வடக்கின் சட்டங்களும் கட்டாய இராணுவ சேவையும் தெற்கை வந்தடைந்தன. கிளர்ந்தெழுந்தோர் கொள்ளையர் எனப்பட்டனர். 1863இன் பீக்கா சட்டம் அவர்களை இராணுவ நீதிமன்றங்களில் நிறுத்தியது. வாக்குரிமையோ நாடு முழுவதிலும் நூற்றுக்கு ஏறத்தாழ இருவருக்கே இருந்தது.

பிளவுண்ட நாட்டைக் காக்க வேறு வழியில்லை என்பது ஆட்சியாளர் தரப்பு நியாயம். உடைந்துவிடுமோ என்ற அவர்களது அச்சம் பொய்யன்று. ஆனால், அச்சத்தால் அடங்கியவனைச் சகோதரன் என்று அழைக்கலாமா?

1877இல் ஆறு முதல் ஒன்பது வயது வரையான கல்வி கட்டாயமாக்கப்பட்டது. த அமீச்சிஸின் ‘குவோரே’ (1886) நூலில், கலாப்ரியாவிலிருந்து வரும் சிறுவனை டூரின் நகர வகுப்பொன்று அணைத்து வரவேற்கிறது. அழகான காட்சிதான். எனினும், அவனுடைய தந்தையின் தலைமுறைக்கு அந்த அணைப்புக் கிட்டவில்லை. அன்பைப் பாடமாகப் போதிக்க முனைந்த அரசு, நீதியை முதலில் வழங்கியிருக்க வேண்டாமா?

நிலங்களை இணைக்கப் படை போதும். மனிதர் தாமாக ‘நாம்’ என்று சொல்வதற்கு, சட்டத்தின் முன் தாமும் சமம் என்பதை அவர்கள் அனுபவத்தில் உணர வேண்டும்.