முதலில் கேட்போம்

திருச்சியிலிருந்து திருவரங்கம் செல்லும் காவிரிப் பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் ஒரு குற்றவுணர்வு நம்மைத் தொடர்கிறது. பங்கைச் சேர்ந்த ஒருவரை, "இனிக் குடிக்கமாட்டேன்" என்று பீடத்தின்முன் சத்தியம் செய்யவைத்தோம். அவரும் சொல் தவறவில்லை. மூன்றாம் நாள் வலிப்பு கண்டு, நினைவு தடுமாறிப் பிதற்றலானார்.

நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவர் மருத்துவத் துணையின்றித் திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து நேரலாம். எவ்வளவு குடிக்கிறார், எத்தனை ஆண்டுகளாக, உறக்கம் உண்டா, சாக நினைத்ததுண்டா என நாம் எதையும் கேட்கவில்லை. மருத்துவர் கேட்டார். மகன் ஆற்றில் மூழ்கிய நாள்முதல் அவர் உறங்கவில்லை என்பது அப்போதுதான் வெளிப்பட்டது. அம்மகனை அடக்கம் செய்தது நாமே!

குடியின் அளவை அறிய உலக சுகாதார நிறுவனம் 10 கேள்விகளை வகுத்துள்ளது. மது, போதைப் பழக்கத்தோடு இணைந்த மனநிலைகளையும் மனநோயின் வரையறைக்குள் சேர்க்கிறது 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம். உடலையும் உள்ளத்தையும் சேர்த்தே ஆராய வேண்டும் என்பதன்றோ இதன் பொருள்?

கேள்விகள் இரக்கத்தைத் தாமதப்படுத்தும் எனச் சிலர் எண்ணலாம். பெத்சதா குளத்தருகே 38 ஆண்டுகளாகத் துன்புற்றவரிடம், நலம்பெற விருப்பமா என்று ஆண்டவர் முதலில் வினவினார். அனைத்தும் அறிந்தவரே கேட்டார் எனில், அறியாத நாம் கேளாமல் தீர்ப்பிடுவது தகுமோ? அவர் பிழைத்துக்கொண்டார். அன்பர்களே, இப்போதெல்லாம் நாம் யாரிடமும் சத்தியம் வாங்குவதில்லை. அருகில் அமர்ந்து கேட்கிறோம். பின்னர் மருத்துவரிடம் உடன் செல்கிறோம்.