வீணாய்ப் போன நாட்களா?

ஒரே நாளில் முடிக்கக்கூடிய பயணத்தை ஒரு மாதமாக இழுத்தடிக்கிறவனை நாம் என்னவென்று சொல்வோம்? வேலையற்றவன் என்போம், நேரத்தின் அருமை தெரியாதவன் என்போம். அவனோடு மனைவியும் சேர்ந்துகொண்டால், ஜாடிக்கேற்ற மூடி என்று சிரிப்போம். அப்படிப்பட்ட ஒரு தம்பதியரைப் பற்றி இவ்வாரம் சற்றுச் சிந்திப்போம்.

ஹூலியோ கோர்த்தாசார் ஆர்ஜென்டீனா நாட்டின் பெயர்பெற்ற எழுத்தாளர். 1951 முதல் பிரான்சில் வாழ்ந்தவர். அவருடைய மனைவி கரோல் டன்லப்பும் எழுத்தாளரே. கணவரைவிட முப்பது வயதுக்கு மேல் இளையவர். 1982ஆம் ஆண்டு மே 23ஆம் திகதி இருவரும் ஒரு சிவப்பு நிற வொக்ஸ்வாகன் வானில் பாரிஸ் நகரிலிருந்து மார்செய் துறைமுகத்துக்குப் புறப்பட்டனர். படுப்பதும் சமைப்பதும் அந்த வானுக்குள்ளேயே. தூரம் ஏறக்குறைய 800 கிலோமீற்றர். காலையில் புறப்பட்டால் இரவுச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம்.

ஆனால் அவர்கள் தமக்குத் தாமே ஒரு சட்டம் வகுத்துக்கொண்டார்கள். அதிவேக நெடுஞ்சாலையை விட்டு வெளியே இறங்குவதில்லை. சாலையோரம் வாகனங்கள் இளைப்பாறுவதற்கென்று அமைந்த தரிப்பிடங்களில் நாளொன்றுக்கு இரண்டில் நிற்பது. இரண்டாவதில் இரவைக் கழிப்பது. பத்து நிமிடம் ஓடிய வான் மறுபடியும் ஒரு மரத்தடியில் நின்றுவிடும். அங்கே அமர்ந்து தட்டெழுத்துப் பொறியில் எழுதுவார்கள். மரத்தையும் பூச்சியையும் பார்ப்பார்கள். விரைந்தோடும் லொறிகளைப் பார்ப்பார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். இப்படியாக ஜூன் 23ஆம் திகதிதான் மார்செய் போய்ச் சேர்ந்தார்கள்.

கதை இத்துடன் முடிந்திருந்தால் இதை ஒரு வேடிக்கை என்று விட்டுவிடலாம். அதே ஆண்டு நவம்பர் 2ஆம் திகதி கரோல் இறந்துபோனார். வயது 36. இருவரும் சேர்ந்து எழுதிய பயண நூலைக் கணவர் தனியே இருந்து முடித்து, 1983இல் வெளியிட்டார். 1984 பெப்ரவரியில் அவரும் காலமானார். இருவரும் பாரிஸில் ஒரே கல்லறையில் துயில்கின்றனர்.

இப்போது அந்தக் கணவரின் இடத்தில் நம்மை வைத்துக் கேட்போம். அந்த ஒரு மாதம் வீணாய்ப் போனதா? முதல் நாளே மார்செய் சேர்ந்திருந்தால் மற்ற நாட்களில் எத்தனையோ வேலை பார்த்திருக்கலாம், உண்மைதான். ஆனால் மனைவியை இழந்த மனிதன் திரும்பிப் பார்க்கும்போது, எதை எண்ணி ஆறுதல் கொள்வான்? முடித்த வேலையையா, மரத்தடியில் அவளோடு இருந்த பொழுதையா?

புனித அகுஸ்தீனார் உலகப் பொருள்களைப் பற்றிப் பேசும்போது, பயன்படுத்துவதற்குரியவை, மகிழ்ந்து நிலைத்திருப்பதற்குரியவை என்று இரண்டாக வகுத்தார். இதில்தான் நாம் தடுமாறுகிறோம். சாலை பயன்படுத்துவதற்கு. சம்பளம் பயன்படுத்துவதற்கு. மனைவி பயன்படுத்துவதற்கா? கணவன் பயன்படுத்துவதற்கா? சோறு சமைக்க ஒருத்தி, சம்பளம் கொண்டுவர ஒருவன் என்று இருபது ஆண்டுகள் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்துவிட்டு, ஒருவர் மனம் ஒருவருக்குத் தெரியாமலே பிரிகின்ற குடும்பங்கள் நம்மிடையே இல்லையா?

"சுவாமி, இதெல்லாம் காசுள்ளவர்களுக்குச் சரி" என்று நீங்கள் சொல்வது கேட்கிறது. கொச்சி நகரில் சிறிய தேநீர்க்கடை வைத்திருந்த விஜயன், மோகனா தம்பதியரை நினைத்துப் பாருங்கள். நம்மைப் போலவே தேயிலையை நம்பிப் பிழைத்தவர்கள். நாள்தோறும் 300 ரூபாய் எடுத்து வைத்து, போதாததற்குக் கடன் வாங்கி, ஊர் திரும்பியபின் அதைச் சிறிது சிறிதாக அடைத்து, 2007 முதல் இருபத்தைந்துக்கும் மேற்பட்ட நாடுகளை ஒன்றாகவே கண்டார்கள். 2021 நவம்பரில் விஜயன் இறந்தார். ரஷ்யா சென்று வந்து சில வாரங்களே ஆகியிருந்தன.

ஆயினும் இந்த உதாரணத்தைக் காட்டி ஏழைகளுக்குப் போதனை செய்துவிட்டுப் போவது நியாயமல்ல. வானுக்குள் ஒடுங்கி வாழ்ந்த அந்த எழுத்தாளர்கள் விரும்பி ஒடுங்கினார்கள். வேண்டாமென்றால் திரும்பிப்போக வீடு இருந்தது. பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவில் மூன்று தலைமுறையாக ஒடுங்கியிருப்பவர்களை யார் கேட்டார்கள்? இடம் சிறியதானால் அன்பு பெருகும் என்று அவர்களிடம் சொல்லத் துணிபவன், ஒரு மழைக்காலம் அங்கே குடியிருந்து பார்க்கட்டும்.

தோட்டத்துத் தம்பதியருக்கு நெருக்கம் குறைவில்லை, ஓய்வுதான் இல்லை. விடியுமுன் எழுந்து ரொட்டி சுட்டு, பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டு, கூடையோடு மலையேறும் தாய், நிறுவை முடிந்து வீடு திரும்பினால் மறுபடியும் அடுப்படி. கிலோ குறைந்தால் அரைப்பேர். அவளுக்கும் கணவனுக்கும் பேசிக்கொள்ள எந்த நேரத்தை மிச்சம் வைத்தோம்? பாப்பரசர் 13ஆம் சிங்கராயர் 1891இல் எழுதிய தொழிலாளர் பற்றிய சுற்றுமடலில், ஓய்வை முதலாளியின் தயவாக அல்ல, தொழிலாளிக்குரிய உரிமையாகவே எடுத்துரைத்தார். ஆகவே ஒரு குடும்பத்தின் ஓய்வுநேரத்தைப் பறிப்பது அதன் அன்பிலும் கைவைப்பதாகும். இதை நிர்வாகங்களும் தொழிற்சங்கங்களும் உணரவேண்டும்.

கணவன்மாருக்கும் ஒரு வார்த்தை. கிடைக்கிற கொஞ்ச ஓய்வும் யாருடையதாக இருக்கிறது? பிரான்சில் அவர்கள் ஓடிய நெடுஞ்சாலையின் தென்பாதிக்கு ஏ 7 என்று பெயர். நம் லிந்துலை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் வீதிக்கும் ஏ 7 என்றே இலக்கம். ஞாயிறு பூசை முடிந்ததும் அந்த வீதியில் என்ன நடக்கிறது? ஆண்கள் டவுன் பக்கம் திரும்புகிறார்கள். பெண்கள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு லயத்துக்கு விரைகிறார்கள். வருகிற ஞாயிறு பிள்ளையை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். இருவரும் ஒன்றாக நடந்து வீடு போங்கள். வழியில் ஒரு கல்லின்மேல் சிறிது நேரம் உட்கார்ந்தாலும் குற்றமில்லை. சமையல் சற்றுப் பிந்தட்டும்.