இலக்கு தவறினால் யார் பதில் சொல்வது?

2050-க்குள் பசுமைக்குடில் வாயுக்களைக் குறைத்துவிடுவோம் என்று இன்று வாக்களிக்கும் அமைச்சர், அந்த ஆண்டில் பதவியில் இருக்கமாட்டார். இடையில் பல தேர்தல்கள் வந்துபோகும். காலநிலைச் சட்டம் எழுதுவோரின் முதல் சிக்கல் இதுதான். பிரிட்டனின் 2008-ஆம் ஆண்டுக் காலநிலை மாற்றச் சட்டம் அதை அடுக்கடுக்காக அவிழ்க்கப் பார்க்கிறது.

மேலடுக்கில் இருப்பது இலக்கு. 1990-இன் அளவிலிருந்து 2050-க்குள் குறைந்தது 80 விழுக்காடு குறைக்க வேண்டும் என்று முதலில் விதித்தார்கள். 2019-இல் அதை 100 விழுக்காடாக, அதாவது நிகர பூஜ்ஜியமாகத் திருத்தினார்கள். எண்ணை மாற்றுவது எளிது.

அதற்கு அடியில் கார்பன் பட்ஜெட். ஒவ்வோர் ஐந்தாண்டிலும் நாடு எவ்வளவு வாயுவை வெளியிடலாம் என்பதற்குச் சட்டப்படியான உச்சவரம்பு அது. ஏறத்தாழ 12 ஆண்டுகள் முன்பே அதைத் தீர்மானித்தாக வேண்டும். 2033–37-க்கான 96.5 கோடி டன் வரம்பு 2021-லேயே முடிவாகிவிட்டது. மின் நிலையத்தில் முதலீடு செய்பவருக்கு இந்த முன்னறிவிப்பு மிக அவசியம்.

வரம்பை ஆட்சியாளர்களே தம் வசதிக்கு வைத்துக்கொண்டால்? அதற்காகத்தான் காலநிலை மாற்றக் குழு என்ற தன்னாட்சி அமைப்பு. வரம்பைப் பரிந்துரைப்பதும், ஆண்டுதோறும் நாடாளுமன்றத்துக்கு முன்னேற்ற அறிக்கை தருவதும் அதன் வேலை. பரிந்துரையை அரசு ஏற்காமல் விடலாம். ஆனால் காரணத்தை வெளியிட வேண்டும். அறிக்கைக்கும் பதில் தந்தாக வேண்டும்.

கடைசி அடுக்கு நீதிமன்றம். வரம்புக்குள் நிற்பதற்கான திட்டங்களை வகுப்பது அமைச்சரின் சட்டக் கடமை. அரசின் நிகர பூஜ்ஜிய வியூகத்தில், கணக்கிடப்பட்ட திட்டங்களையெல்லாம் கூட்டினாலும் 2033–37-க்குத் தேவையான குறைப்பில் சுமார் 95 விழுக்காடுதான் தேறியது. மீதி எங்கிருந்து வரும், எந்தத் திட்டம் எவ்வளவு குறைக்கும் என்ற விவரம் ஒப்புதல் அளித்த அமைச்சருக்கே தரப்படவில்லை. சுற்றுச்சூழல் அமைப்புகள் தொடுத்த வழக்கில், இது சட்டத்துக்குப் புறம்பானது என்று 2022 ஜூலையில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசு திருத்தித் தந்த திட்டமும் 2024 மே மாதத்தில் அதே நீதிமன்றத்தில் தோற்றது.

இதற்கும் எல்லை உண்டு. திட்டத்தைத் திரும்ப எழுதச் சொல்லலாமே தவிர, நீதிபதி எந்த ஆலையையும் மூடுவதில்லை. நாடாளுமன்றம் நினைத்தால் சட்டத்தையே நீக்கலாம். ஆட்சிக்கு வந்தால் அதைச் செய்வோம் என்று கன்சர்வேடிவ் கட்சி 2025-இல் அறிவித்திருக்கிறது. ஆனால் அதைக்கூட வெளிப்படையாக விவாதித்து, வாக்கெடுத்துத்தான் செய்ய முடியும். ஆகவே இத்தகைய சட்டம் இயற்ற நினைக்கும் நாடு, விழுக்காட்டோடு நிறுத்தாமல், தவறினால் யார், யாரிடம், எந்தத் தேதிக்குள் பதில் சொல்வது என்பதையும் எழுதிவைக்க வேண்டும்.