முட்டும் மாடும் சூடேறும் பேட்டரியும்

2006 ஆகஸ்ட் 14 அன்று டெல் நிறுவனம் 41 லட்சம் லேப்டாப் பேட்டரிகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. உள்ளே இருந்தவை சோனி தயாரித்த லித்தியம் அயனி செல்கள். பத்தே நாளில் ஆப்பிளும் 18 லட்சம் பேட்டரிகளைத் திரும்பக் கேட்டது. லெனோவா, தோஷிபா, புஜிட்சு என்று வரிசை நீண்டு, கடைசியில் கணக்கு ஏறத்தாழ 96 லட்சத்தில் வந்து நின்றது.

காரணம், செல் தயாரிப்பின்போது உள்ளே சிக்கிய மிக நுண்ணிய உலோகத் துகள். இரண்டு மின்முனைகளையும் பிரித்து வைக்கும் மெல்லிய படலத்தை அது துளைத்துவிட்டால் செல்லுக்குள்ளேயே ஷார்ட் சர்க்யூட். சூடு ஏறும், அந்தச் சூடே மேலும் சூட்டைக் கிளப்பும், சில சமயம் தீப்பிடிக்கும். டெல் அறிவித்த நாளில் பேட்டரி சூடேறியதாகப் பதிவாகியிருந்த புகார்கள் வெறும் ஆறு. 41 லட்சத்தில் ஆறு!

துகளை யாரும் வேண்டுமென்றே போடவில்லை. அப்படியானால் பாவம் யாருக்கு?

பௌத்த நூலான மஜ்ஜிம நிகாயத்தில் உபாலி என்ற இல்லறத்தார் புத்தரோடு வாதாட வருகிறார். சமண ஆசான் நிகண்டரின் சீடரான அவருக்கு உடலால் செய்யும் வினையே கொடியது. நடக்கும்போது காலடியில் சாகும் சிற்றுயிர்களைப் பற்றி உங்கள் ஆசான் என்ன சொல்கிறார் என்று புத்தர் கேட்கிறார். எண்ணாமல் செய்தது பெரும்பாவமில்லை என்கிறார் உபாலி. எண்ணிச் செய்தால்? பெரும்பாவம். உடலைவிட எண்ணமே பெரிது என்று அவரே ஒப்புக்கொண்டதாகிறது; அந்த இடத்திலேயே அவர் கட்சி சாய்ந்துவிடுகிறது. (பௌத்த நூல் சொல்லும் கதை இது. சமணர் எழுதியிருந்தால் வேறு மாதிரி முடிந்திருக்கும்.)

இந்த அளவுகோல் தொழிற்சாலைகளுக்கு மிக வசதியானது. அதைவிடக் கறாரான ஒன்று விவிலியத்தின் யாத்திராகமத்தில், 21ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. மாடு முட்டி ஒருவர் இறந்தால் மாட்டைக் கொல்ல வேண்டும், உடையவன்மேல் குற்றமில்லை. ஆனால் அது முன்பே முட்டுகிற மாடாக இருந்து, எச்சரித்த பிறகும் அவன் கட்டி வைக்கவில்லை என்றால் அவன் உயிருக்கும் விலை உண்டு. எண்ணம் இங்கே கேள்வியே இல்லை. தெரிந்த பிறகு என்ன செய்தாய் என்பதுதான் கேள்வி.

அமெரிக்கச் சட்டம் இதற்கு மணிக்கணக்கே வைத்திருக்கிறது. அபாயமான குறை இருப்பதாகத் தகவல் கிடைத்தால் 24 மணி நேரத்துக்குள் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்திடம் சொல்லியாக வேண்டும். டெல் 2005 டிசம்பரிலேயே, இதே சூடேறும் அபாயத்துக்காக, அமெரிக்காவில் சுமார் 22,000 பேட்டரிகளைத் திரும்பப் பெற்றிருந்தது. மாடு ஏற்கெனவே ஒருமுறை முட்டிவிட்டது என்றுதான் அதைப் படிக்கத் தோன்றுகிறது.

அறிவிப்பு வந்ததும் கயிறு கைமாறுகிறது. 2019 ஜூனில் ஆப்பிள் சில 15 அங்குல மேக்புக் ப்ரோக்களின் பேட்டரிகளைத் திரும்பப் பெற்றது. ஆகஸ்டில் இந்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகம், அந்த லேப்டாப்களை விமானத்தில் கொண்டுவர வேண்டாம் என்றது. செய்தியைப் படித்தும் சீரியல் எண்ணைச் சரிபார்க்காமல் விமானம் ஏறியவரை இனிமேல் வெறும் வாடிக்கையாளர் என்று சொல்ல முடியாது; மாட்டுக்கு உடையவர் அவர்தான்.

செய்தியே எட்டாதவர்? பழைய லேப்டாப்பை மூன்றாம் கையாக வாங்கி, வீட்டு வாசலில் வைத்து விற்கிற ஒருவரை உபாலி விட்டுவிடுவார். யாத்திராகமத்தின் சட்டமும் விட்டுவிடும். அவரை யாரும் எச்சரிக்கவில்லையே. அமெரிக்கா விடுவதில்லை. திரும்பப் பெற அறிவித்த பொருளை மறுபடி விற்பது 2008ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே குற்றம், வாசலில் கடை போட்டவருக்கும் சேர்த்து.