ஹலால் மட்டும் போதுமா?



‘இந்த பிஸ்கட்டில் இ471 இருக்கிறது. அது பன்றிக் கொழுப்பு. உடனே பத்துப் பேருக்கு அனுப்புங்கள்.’ இப்படியொரு வாட்ஸ்அப் செய்தி வராத வீடு நம் தாம்பரத்தில் இருக்குமா? ஹராமுக்கு அஞ்சித்தான் அனுப்புகிறோம். அந்த அச்சம் ஈமானின் அடையாளம். ஆனால், அனுப்பும் முன் விசாரித்தோமா?

இ471 என்பது எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் சேர்த்து வைக்கும் பொருள். அதைத் தாவர எண்ணெயிலிருந்தும் எடுக்கலாம், விலங்குக் கொழுப்பிலிருந்தும் எடுக்கலாம். வெறும் இலக்கத்தைப் பார்த்து முடிவு சொல்ல முடியாது. நம் நாட்டில் பச்சைப் புள்ளி போட்ட பாக்கெட்டில் விலங்குக் கொழுப்பு சேர்ப்பதைச் சட்டம் அனுமதிப்பதில்லை. அதைக்கூடப் பார்க்காமல் ஒருவருடைய வியாபாரத்தின் மீது பழி போட்டால், நாளை மறுமையில் அவர் நம்மிடம் நியாயம் கேட்க மாட்டாரா? வரும் செய்தியைத் தீர விசாரிக்கும்படி ஹுஜுராத் அத்தியாயத்தின் ஆறாவது வசனம் கட்டளையிடுகிறதே!

‘அப்படியானால் சந்தேகமே படக் கூடாதா, ஹஜ்ரத்?’ என்று கேட்பீர்கள். தாராளமாகப் படலாம். மரபணு மாற்றிய பி.டி. கத்தரிக்காய்க்கு 2009 அக்டோபரில் மத்திய அரசின் குழு ஒப்புதல் தந்தது. எதிர்ப்பு எழுந்தது. அன்றைய மத்திய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் பல ஊர்களில் மக்களிடம் கருத்துக் கேட்டு, 2010 பிப்ரவரியில் அதை நிறுத்தி வைத்தார். அது நஞ்சு என்று அவர் தீர்ப்புச் சொல்லவில்லை. இன்னும் ஆராய வேண்டும் என்றுதான் சொன்னார். தெளிவில்லாததை விட்டு விலகுவது பேணுதல். ஆதாரமில்லாமல் ஹராம் என்பதோ அல்லாஹ்வின் அதிகாரத்தில் கை வைப்பது. இரண்டும் ஒன்றல்ல.

சகோதரர்களே! அடுத்தவர் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் படிக்கும் நாம், நம் கடைச் சட்டியைப் பார்க்கிறோமா? 2024 பிப்ரவரியில் தமிழக அரசு பஞ்சு மிட்டாய்க்குத் தடை போட்டது. துணிக்கும் தோலுக்கும் ஏற்றும் ரோடமின் பி சாயம் அதில் இருப்பது ஆய்வில் உறுதியானது. குழந்தைகள் ஆசையாகத் தின்ற இனிப்பு அது! விற்றவர்களில் விவரம் தெரியாத ஏழைகளும் இருந்திருக்கலாம். ஆனால் தெரிந்தே செய்பவருக்கு என்ன சாக்கு? பிரியாணியில் செயற்கை நிறம் சேர்க்கச் சட்டத்தில் அனுமதியில்லை. ‘அறுத்தது ஹலால்தானே’ என்று சொல்லிக்கொண்டே கலர்பொடியைத் தூவுகிறோம். குர்ஆன் ஹலாலை மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. ‘தய்யிப்’, அதாவது தூய்மையானது, நல்லது என்பதையும் சேர்த்தே சொல்கிறது.

மதீனாவின் கடைவீதியில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டார்கள். உள்ளே ஈரம் தட்டியது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. நனைந்ததற்காக நபியவர்கள் கண்டிக்கவில்லை. மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைக்காமல் மறைத்ததையே கண்டித்தார்கள்.

ஆகவே, வியாபாரிகளே! நீங்கள் சேர்க்கும் பொடியை, வாங்குபவர் பார்க்க, பெயரைச் சொல்லிப் போட முடியுமா? முடியாதென்றால் அதை விட்டுவிடுங்கள். வாங்குபவர்களே! விசாரிக்காத செய்தியை அனுப்பாதீர்கள். சிவப்பாக இருந்தால்தான் பிரியாணி என்று அடம்பிடிக்காதீர்கள்.

ஹலாலான, தூய்மையான உணவையும், மறைக்க எதுவுமில்லாத வியாபாரத்தையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.