இரண்டு வெற்றி, எட்டுத் தோல்வி



அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில், ஒஹையோ ஆற்றங்கரையில் ஹன்டிங்டன் என்றோர் ஊர். மார்ஷல் பல்கலைக்கழகம் அங்கேதான் இருக்கிறது. அவர்கள் ஃபுட்பால் என்று சொல்வது நாம் காலால் உதைத்து ஆடும் ஆட்டம் இல்லை. நீள்வட்டப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு, எதிரணியை முட்டி மோதி முன்னேறும் ஆட்டம். கல்லூரி அணி சொந்த மைதானத்தில் ஆடும் சனிக்கிழமை, நம் ஊர்த் தேர்த்திருவிழா மாதிரிதான்.

1970 நவம்பர் 14. வெளியூரில் ஈஸ்ட் கரோலினா அணியிடம் 17-14 என்று தோற்றுவிட்டு மார்ஷல் அணி விமானத்தில் திரும்பிக்கொண்டிருந்தது. மழை, தாழ்ந்த மேகம். ஓடுபாதைக்குக் கொஞ்சம் முன்னாலேயே மலைச்சரிவில் விமானம் விழுந்தது. இருந்த 75 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. 37 ஆட்டக்காரர்கள், தலைமைப் பயிற்சியாளர் ரிக் டோலி, கூடப் போன ஊர்ப் பெரியவர்கள், டாக்டர்கள். அப்பா அம்மா இருவரையும் ஒரே ராத்திரியில் இழந்த குழந்தைகளும் அந்த ஊரில் இருந்தார்கள்.

இனி ஃபுட்பாலே வேண்டாம் என்று பலர் சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்களை யாரால் குறை சொல்ல முடியும்? ஆனால் காயத்தால் அந்தப் பயணத்துக்குப் போகாமல் தப்பிய நேட் ரஃபின் போன்ற சில மாணவர்கள், அணி இருந்தே ஆக வேண்டும் என்று நின்றார்கள்.

ஜாக் லெங்கியேல் என்பவர் புதிய பயிற்சியாளராக வந்தார். கையில் ஆளில்லை. முதலாண்டு மாணவர்கள் பிரதான அணியில் ஆடக்கூடாது என்பது அன்றைய விதி. மார்ஷலுக்கு மட்டும் அதைத் தளர்த்தினார்கள். கூடைப்பந்து ஆடியவர்கள் வந்தார்கள். பந்தை உதைக்கும் வேலைக்கு, நம் கால்பந்து ஆடிக்கொண்டிருந்த ஒரு மாணவர் கிடைத்தார். ரெட் டாசன் என்ற உதவிப் பயிற்சியாளர், விபத்து நடந்த அன்று புது ஆட்டக்காரர்களைத் தேடிக் காரில் போயிருந்ததால் உயிர் தப்பியவர். இறந்த பையன்களில் பலரை வீடு வீடாகப் போய், பெற்றோரிடம் பேசி, கல்லூரிக்கு அழைத்து வந்தவரே அவர்தான். அந்தப் பெற்றோர் முகங்களை மனதில் வைத்துக்கொண்டு மறுபடியும் மைதானத்தில் இறங்குவது எவ்வளவு கடினமாக இருந்திருக்கும்! ஒரே ஒரு பருவம் கூட இருந்து கைகொடுத்துவிட்டு, ஃபுட்பாலையே விட்டு விலகிப் போனார்.

அதே மாநிலத்தின் பெரிய அணி, மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகம். அதன் பயிற்சியாளர் பாபி பௌடன், அடுத்த கல்லூரிக்காரர்கள் என்று பார்க்காமல், தம்முடைய ஆட்ட உத்திகளை லெங்கியேலின் குழுவுக்குத் திறந்து காட்டினார். எடை குறைந்த, அனுபவமில்லாத பையன்களை வைத்தும் ஆடக்கூடிய உத்தி அது. விளையாட்டு உலகத்தில் நான் மிகவும் மதிக்கும் செயல்களில் இது ஒன்று.

1971 பருவத்தின் முதல் ஆட்டத்தில் 29-6 என்று தோல்வி. அடுத்தது, செப்டம்பர் 25, சொந்த ஊரில், சேவியர் அணியோடு. 13-9 என்று பின்தங்கி நிற்கிறார்கள், நேரம் முடிகிறது. ஆட்டத்தின் கடைசி முயற்சியில் ரெஜி ஆலிவர் எறிந்த சின்னப் பாஸை டெரி கார்ட்னர் வாங்கி, எல்லைக்கோட்டைத் தாண்டினார். 15-13. ஜனங்கள் மைதானத்துக்குள் பாய்ந்தார்கள். அந்த ஊர் எத்தனையோ மாதம் கழித்து ஒன்றாகக் கூடிச் சத்தம் போட்டது அன்றைக்குத்தான்.

இதோடு நிறுத்தினால் நல்ல சினிமா. 2006-ல் இந்தக் கதை சினிமாவாகவும் வந்தது. ஆனால் நான் சொல்ல வந்தது அதற்குப் பிந்தியது. அந்தப் பருவத்தில் இன்னும் ஒரே ஒரு வெற்றிதான். மீதி எட்டும் தோல்வி. லெங்கியேல் இருந்த நான்கு பருவங்களில் 9 வெற்றி, 33 தோல்வி. சனிக்கிழமை தோற்று, திங்கட்கிழமை வகுப்புக்குப் போய், சாயங்காலம் மறுபடி பயிற்சிக்கு வந்த பையன்கள் அவர்கள். அவர்களுக்குக் கோப்பை இல்லை, பெரிய பேரும் இல்லை.

தோல்வியைவிட வெற்றி அதிகமான பருவம் ஒன்றைக் காண 1984 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1992-ல் தங்கள் பிரிவில் தேசிய சாம்பியன். 1996-ல் ஆடிய 15 ஆட்டங்களிலும் வென்று மறுபடியும் சாம்பியன். அந்தக் கோப்பைகளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் 33 தோல்விகளைச் சுமந்த அந்தப் பையன்களையும் சேர்த்தே பேச வேண்டும் என்பது என் எண்ணம். அவர்கள் ஆடியிராவிட்டால் மார்ஷலில் அணி என்று ஒன்று இருந்திருக்காது.