பொற்கூரைக்குப் பின்னால்

அழவைத்தால் அது கலை. ஆராயவைத்தால் அது அறிவு. சிரிக்கவைத்தால் மட்டும் அது வெறும் பொழுதுபோக்கு! இப்படியொரு தீர்ப்பை முன்கூட்டியே எழுதி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் நம்மில் பலர் படக்காட்சிக்குப் போகிறோம். நானும் அப்படித்தான் போனேன். 2017-ஆம் ஆண்டு, கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது, நண்பர்களோடு 'தோர்: ரக்னராக்' என்னும் அமெரிக்கப் படத்தைப் பார்த்தேன். வயிறு வலிக்கச் சிரித்தேன். வெளியே வந்ததும், "வேடிக்கைதான், வேறொன்றுமில்லை" என்று சட்டைப்பையிலிருந்த தீர்ப்பை எடுத்துப் படித்துவிட்டேன்.

சென்ற கோடை விடுமுறையில் அதே படத்தை வீட்டில் தம்பியோடு அமர்ந்து மீண்டும் பார்த்தேன். அதே காட்சிகள், அதே கேலிகள். ஆனால் ஓரிடத்தில் தம்பி சிரித்துக்கொண்டே இருந்தான். என் சிரிப்பு நின்றுவிட்டது. படம் மாறவில்லை. பார்த்தவன் மாறியிருந்தான். இடையில் நான் வரலாற்று ஆசிரியனாகியிருந்தேன்!

தோர் என்னும் அதிமனிதனைப் பற்றிய வரிசையில் இது மூன்றாவது படம். 2011-இலும் 2013-இலும் வந்த முந்தைய இரண்டும் அரச மிடுக்கோடு நடந்தவை. நகைச்சுவை அங்கே இலையோரத்து ஊறுகாய். மூன்றாவதை இயக்க வந்தவர் டைக்கா வைட்டிட்டி. நியூசிலாந்துக்காரர், தந்தை வழியில் மாவோரி இனத்தவர். அவர் ஊறுகாயையே இலை நிறையப் பரிமாறிவிட்டார்.

மூலக்கதை வட ஐரோப்பியரின் பழம்புராணம். 13-ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்துக்காரரான ஸ்னோரி ஸ்டுர்லுசன் ஏட்டில் தொகுத்து வைத்த கதைகளில் தோர் இடிக்குத் தெய்வம். ஒடின் அவன் தந்தை, தெய்வங்களுக்கெல்லாம் தலைவன். ரக்னராக் என்பதோ அந்தத் தெய்வங்களே மாண்டொழியும் ஊழிக்காலம். தம் தெய்வங்களுக்கும் சாவு உண்டென்று கதை கட்டிய மக்கள் அவர்கள்! 1962-இல் அமெரிக்கச் சித்திரக்கதைக்காரர்கள் அந்தத் தோரை அழைத்துவந்து சாகச வீரனாக்கினார்கள். புராணத்தில் ஹெல் என்பவள் லோகியின் மகள். படத்திலோ ஹேலா, ஒடினின் மூத்த மகள், தோருக்கு அக்காள். இந்த ஒரு மாற்றத்தில்தான் படத்தின் உயிர் ஒளிந்திருக்கிறது.

ஆஸ்கார்ட் பொன் வேய்ந்த நாடு. அதன் அரியணை மண்டபத்துக் கூரையில் அழகழகான ஓவியங்கள். ஒடின் அமைதி காக்கிறான், அரச குடும்பம் ஒளி வீசுகிறது, பகைவர் கைகுலுக்குகின்றனர். நெடுங்காலச் சிறையிலிருந்து மீண்ட ஹேலா அண்ணாந்து பார்க்கிறாள். அவள் முகம் எங்குமில்லை. இத்தனை பொன்னும் எங்கிருந்து வந்ததென்று எண்ணினீர்கள் என்று கேட்கிறாள். படைக்கலத்தை வீசுகிறாள். மேற்பூச்சு பொடிப்பொடியாக உதிர்கிறது. அடியில் இன்னோர் ஓவியம்! அங்கே ஒடின் அமைதி காக்கவில்லை, படை நடத்துகிறான். பக்கத்தில் ஹேலா, அவனுடைய வாளாக. ஒன்பது உலகங்களையும் வென்றான். வென்ற பொன்னை வைத்துக்கொண்டான். வென்ற விதத்தை மறைத்தான். வாளாக இருந்த மகளைச் சிறையில் பூட்டினான். அக்காள் ஒருத்தி இருப்பதையே அறியாமல் வளர்ந்த மகனுக்கோ, "உன் தந்தை அருளாளர்" என்னும் பாடம்!

இந்த இடத்தில்தான் என் சிரிப்பு நின்றது. அந்தப் பூச்சு உதிர்ந்தபோது என் நெஞ்சில் வந்து விழுந்தது ஒரு சிறுமியின் கேள்வி.

ஏழாம் வகுப்பில் ஒரு பேரரசனின் வெற்றிகளைக் கரும்பலகையில் வரிசையாக எழுதிக்கொண்டிருந்தேன். இன்ன ஆண்டில் இன்ன நாட்டை வென்றான். இன்ன பட்டம் சூடினான். இன்ன கோயில் எழுப்பினான். மூன்றாம் வரிசைச் சிறுமி எழுந்து, "தோற்றுப்போன ஊர்க்காரங்க என்ன ஆனாங்க, சார்?" என்றாள். நான் சுண்ணக்கட்டியைக் கீழே வைக்கவுமில்லை, திரும்பிப் பார்க்கவுமில்லை. "அது தேர்வுக்கு வராது. உட்கார்" என்றேன். அவள் உட்கார்ந்துவிட்டாள்.

கூரைக்குப் பூச்சு பூசியவன் ஒடின் மட்டுமல்ல, தோழர்களே! தூரிகை என் கையிலும் இருந்திருக்கிறது. ஆறு அங்குலச் சுண்ணக்கட்டியின் வடிவத்தில்.

இங்கே ஓர் அறக்கேள்வி எழுகிறது. முன்னோன் செய்த கொடுமைக்குப் பின்னோன் பொறுப்பாவானா? தோர் எந்த நாட்டையும் கொள்ளையடிக்கவில்லை. ஹேலாவை வாளாகக் கொண்டு தந்தை செய்த போர்களை அவன் கேள்விப்பட்டது கூட இல்லை. அவனைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது நியாயமா? நியாயமில்லைதான். குற்றம் பரம்பரையாக வருவதில்லை. பிறப்பால் ஒருவனைப் பழிப்பதும், பிறப்பால் ஒருவனைப் புகழ்வதும் ஒரே மடமையின் இரு முகங்கள். ஆனால், குற்றம் பரம்பரையாக வராவிட்டாலும் பொன் வருகிறதே! அரண்மனை வருகிறதே! பொன்னைப் பெற்றுக்கொள்பவன் அதன் கணக்கேட்டையும் பெற்றுக்கொள்ளத்தானே வேண்டும்? ஏட்டைத் திறக்க மறுக்கும் நொடியிலிருந்து, பழைய குற்றம் புதிய குற்றமாகிறது. அது அவனுடைய சொந்தக் குற்றம், யாரிடமிருந்தும் வந்ததன்று.

இந்தக் காட்சியை எடுத்தவரின் மண்ணை எண்ணிப் பாருங்கள். 1863-இல் நியூசிலாந்துக் குடியேற்ற அரசு ஒரு சட்டம் இயற்றியது. கலகக்காரர் என்று பெயர் சூட்டி, மாவோரி மக்களின் நிலங்களைப் பறிமுதல் செய்ய வழிவகுத்த சட்டம் அது. அதை மனத்தில் வைத்துத்தான் இயக்குநர் கூரையை உடைத்தார் என்று நான் சாதிக்கவில்லை. ஆனால் நிலம் பறிகொடுத்தவர் வழிவந்தவனுக்கு, மேலோவியத்தைவிட அடியோவியம் விரைவில் கண்ணுக்குப் புலப்படும் என்பதில் வியப்பென்ன?

சரி, இவ்வளவு கனமான உண்மையைச் சிரிப்போடு ஏன் சொல்ல வேண்டும்? முதன்முறை பார்த்தபோது சிரிப்புத்தான் உண்மையை மறைக்கிறது என்று எண்ணினேன். இப்போது அப்படி எண்ண முடியவில்லை. சக்கார் என்னும் குப்பைக் கோளத்தில் ஒரு கொடுங்கோலன்; கிராண்ட்மாஸ்டர் என்பது பெயர். கைதிகளை அரங்கத்தில் மோதவிட்டுக் களிப்பவன். ஆனால் 'அடிமை' என்ற சொல் மட்டும் அவன் செவிக்கு ஆகாது. முகம் சுளிக்கிறான். உடனே வேலைபார்க்கும் கைதிகள் என்று சொல் மாற்றப்படுகிறது. அவன் மனம் குளிர்கிறது! விலங்கு அப்படியே இருக்கிறது, பெயருக்குத்தான் விடுதலை. இதை மேடையேறி ஒரு மணி நேரம் விளக்கலாம். ஒரு சிரிப்பில் அது முடிந்துவிடுகிறது. அரை நொடியில் சிரித்தவன், அரை நாள் கழித்து அதே போன்ற சொல்லை ஓர் அறிக்கையில் படிக்கும்போது விழித்துக்கொள்கிறான்.

அதே அரங்கத்தில் கோர்க் என்றொரு கல்மனிதன். புரட்சி செய்ய முயன்று சிறைப்பட்டவன். ஏன் தோற்றாய் என்றால், துண்டறிக்கைகள் போதுமான அளவு அச்சிடவில்லை, ஆள் வரவில்லை என்கிறான். அரங்கம் சிரித்தது, நானும் சிரித்தேன். ஆனால், துண்டறிக்கை கட்டைத் தோளில் சுமந்து, தெருத்தெருவாய் நடந்து, மாலைக் கூட்டத்தில் காலி நாற்காலிகளை எண்ணியிருக்கும் இளைஞன் எவனும் அந்த இடத்தில் வாய்விட்டுச் சிரித்து, உடனே மௌனமாகிவிடுவான். அவனைக் கேலி செய்யும் சிரிப்பல்ல அது. அவனை அறிந்த சிரிப்பு.

குறையே இல்லையா? உண்டு. மறைத்தால் நானும் பூச்சு வேலைக்காரனே. அடிமைகளின் எழுச்சியைத் தோரின் கூட்டம் எதற்குப் பயன்படுத்துகிறது? கப்பல் ஒன்றைத் திருடித் தப்புவதற்கு, காவலர் கவனத்தைத் திருப்பும் தந்திரமாக! நாயகனின் பயணத்துக்குப் புரட்சி ஒரு படிக்கல். எழுதி முடித்த பெயர்ப்பட்டியலுக்குப் பின் வரும் காட்சியில், வீழ்ந்த கொடுங்கோலன் எழுந்து நின்று, கவிழ்க்கப்பட நான் இருந்ததால்தானே உங்கள் புரட்சி வென்றது என்று பங்கு கேட்கிறான். இந்தக் கேலி படத்தின் மேலும் விழுகிறது. காசு குவிக்கவே எடுத்த படம் அது என்பதையும் நான் மறக்கவில்லை.

ஆயினும் முடிவைக் கவனியுங்கள். ஆஸ்கார்டின் மண்ணிலிருந்துதான் ஹேலா வலிமை பெறுகிறாள். நாட்டைக் காத்தால் அவளும் வாழ்வாள். தோர் என்ன செய்கிறான்? மக்களைக் கப்பலில் ஏற்றிவிட்டு, தன் பொன்மாளிகையை நெருப்புப் பூதத்துக்கு இரையாக்குகிறான். ஆஸ்கார்ட் என்பது இடமல்ல, மக்கள் என்று தந்தை சொன்னதை அவன் அப்போதுதான் உணர்கிறான். மறைத்த கையே உண்மையையும் சொல்லிச் சென்றது, பாருங்கள்! நாடு எரியும்போது கோர்க், அடித்தளம் உறுதியாக இருந்தால் மீண்டும் கட்டலாம் என்று ஆறுதல் சொல்லத் தொடங்குகிறான். சொல்லி முடிப்பதற்குள் அடித்தளமே வெடித்துச் சிதறுகிறது. 2017-இல் இது எனக்கு எரிச்சலூட்டியது; துயரத்திலுமா கேலி? இன்று புரிகிறது: கேலிக்குள்ளானது துயரமன்று, மலிவான ஆறுதல். சில அடித்தளங்களின் மேல் மீண்டும் கட்டக்கூடாது.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்தது. அந்தச் சிறுமி இப்போது எட்டாம் வகுப்பு. இடைவேளையில் அவளை அழைத்தேன். அஞ்சி வந்து நின்றாள். "சென்ற ஆண்டு நீ கேட்டது நல்ல கேள்வி. உட்கார் என்று நான் சொன்னது தவறு" என்றேன். அவளுக்கு எந்தக் கேள்வி என்றே நினைவில்லை. நினைவூட்டினேன். "பதில் என்ன, சார்?" என்றாள். "முழுதாகத் தெரியாது. நூலகத்தில் சேர்ந்து தேடுவோமா?" என்றேன். தலையசைத்துவிட்டு ஓடினாள்.

ஒரு கேள்வியை உட்காரவைக்க ஒரு நொடி போதும். அதை மீண்டும் எழுப்பி நிறுத்த எனக்கு ஓராண்டு ஆயிற்று. தோழர்களே, ஒருமுறை பார்த்துத் தள்ளியவற்றை மறுமுறை பாருங்கள். படத்தை மட்டும் சொல்லவில்லை.